நாடிசுத்தி பழகும் முறை

இரண்டு மூக்குத் துளைகளிலும் மாறி மாறி மூச்சை இழுத்து விடும் பயிற்சிதான் நாடிசுத்தி. அதைப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை எண்ண வேண்டும் என்பதைத்தான். திருமந்திரம் சொல்லும் கணக்கு 16, 64, 32 மாத்திரை (கண் இமைக்கும் அளவு நேரம் ஒரு மாத்திரை): உள்ளே இழுக்க 16, அடக்க 64, வெளியே விட 32. நெடுநாள் பயின்றவர்களுக்கு உரிய அளவு அது. புதியவர் மூச்சை அடக்கவே வேண்டாம். காற்று ஓசையில்லாமல் போய்வரும்வரை எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம்.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சுகாசனத்தில், அதாவது சம்மணமிட்டு, அமரும்போது முழங்கால்கள் இடுப்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றால் கீழ்முதுகு வளைந்துவிடும், வயிறு மடங்கி மூச்சு மார்போடு நின்றுவிடும். கெட்டியான போர்வையை நான்காக மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். அப்படியும் முடியாதவர் நாற்காலியில், சாயாமல், பாதங்கள் தரையில் பதிய அமரலாம். பலன் குறையாது.

வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கையில் மடக்குங்கள். கட்டைவிரல் வலப்பக்கத்துக்கு, மோதிரவிரலும் சுண்டுவிரலும் இடப்பக்கத்துக்கு. விரல் வைக்கும் இடம் முக்கியம். மூக்கைத் தடவிக்கொண்டே கீழே வந்தால் எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம் தட்டுப்படும். அங்கே லேசாக அழுத்தினாலே துளை மூடிக்கொள்ளும். நுனியைப் பிடித்து நசுக்கினால் மூக்குத்தண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, திறந்திருக்க வேண்டிய துளையும் குறுகிப்போகும்.

முதலில் இரண்டு துளைகளாலும் மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். வலத்தை மூடி, இடப்பக்கம் 4 எண்ணும்வரை இழுங்கள். இடத்தை மூடி, வலத்தைத் திறந்து 4 எண்ணும்வரை விடுங்கள். அதே வலப்பக்கம் இழுத்து, பிறகு அதை மூடி, இடப்பக்கம் விடுங்கள். இது ஒரு சுற்று. முதல் வாரம் 5 சுற்று, அடுத்து 10. பத்துச் சுற்றும் முடிய மூன்று நிமிடம்கூட ஆகாது. கை வலித்தால் இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். மார்பின்மேல் முழங்கையை ஊன்றினால் விலா விரிய இடமிருக்காது. தலை வலக்கைப் பக்கம் மெல்லச் சாய்வதும் எல்லோருக்கும் நேர்வதுதான், அவ்வப்போது நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

4:4 எளிதான பிறகு, இழுப்பது 4, விடுவது 6, பின்பு 8. மூச்சை விடும் நேரத்தில் இதயத் துடிப்பு சற்று மெதுவாகிறது. நீளமாக விடும்போது உடல் தணிவது அதனால்தான். எண்ணிக்கையைக் கூட்டலாமா என்பதை அடுத்த மூச்சே சொல்லிவிடும். 8 எண்ணி விட்டதும் அடுத்த இழுப்பு அவசரமாக, மூக்கு சீறும் ஓசையோடு வந்தால் அந்த அளவு உங்களுக்கு இன்னும் மிகுதி. மறுபடி 6-க்கு இறங்குங்கள். இழுக்கும்போது தோள் உயர்ந்தாலும் அதே பொருள்தான். தலை லேசாகச் சுற்றினால் தேவைக்கு மேல் ஆழமாக இழுக்கிறீர்கள். கையை இறக்கி இயல்பாக மூச்சு விடுங்கள்.

ஒரு துளை சற்று அடைத்தாற்போல் இருப்பது நோயல்ல. பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி மாறித்தான் மூச்சு தாராளமாக ஓடும். இதையே சரம் மாறுவது என்கிறோம். வலம் அடைத்திருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துச் சில நிமிடம் படுங்கள், மேலிருக்கும் வலத்துளை திறக்கும். இடம் அடைத்திருந்தால் வலப்பக்கம் படுக்க வேண்டும். சளி பிடித்து முழுக்க அடைத்த நாளில் விட்டுவிடுங்கள். முக்கி இழுத்தால் தலைவலிதான் மிஞ்சும்.

ஆசனங்களும் செய்கிறவர் அவற்றை முடித்து, சவாசனத்தில் (மல்லாந்து உடலைத் தளர்த்தி) ஐந்து நிமிடம் கிடந்து, அதன்பின் நாடிசுத்திக்கு அமர வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, அறவே தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் 4:8 அளவில் சில மாதங்கள் சிரமமின்றிப் பழகிய பிறகு, தேர்ந்த ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தே கும்பகத்தைத் தொடங்கட்டும்.