பாய்ப்படகை விடாமல் முதல் ட்ரையத்லனுக்குத் தயாராகும் முறை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி ட்ரையத்லன். யாழ்ப்பாணத்தில் அதைப் பழக விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது சைக்கிளைப் பற்றி. எந்த வகை வாங்கலாம், எத்தனை கியர் வேண்டும் என்பார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்று காற்று எங்கிருந்து வீசுகிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் குடாநாட்டில் பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

டிங்கி எனப்படும் சிறு பாய்ப்படகில் ஓரளவு பழகியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், ஆழமான நீரில் பதற்றமில்லாமல் நீந்தவும், தெருவில் சைக்கிள் ஓட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் ஒரு பயிற்றுநரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தைப் படித்து நீச்சல் வராது.

இலக்கு ஸ்பிரின்ட் தூரம்: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லன் சேர்க்கப்பட்டபோது வைத்த தூரம் இதன் இரு மடங்கு. 2018இல் கொழும்பில் நடந்த அயர்ன்மான் 70.3 போட்டியிலோ 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். அதன்மீது ஆசை வருவது நியாயம். இருந்தாலும் ஸ்பிரின்ட்டை நிதானமாக முடித்துவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள்.

படி 1: கிழமையைக் காற்றிடம் கேட்டு அமையுங்கள்

பொதுவான பயிற்சி அட்டவணைகள் திங்கள் நீச்சல், செவ்வாய் ஓட்டம் என்று போகும். அவை நம் ஊர்க் காற்றை அறியாதவை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும். விடியற்காலையில் சற்று ஓய்ந்திருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். ஆகவே நீச்சலும் சைக்கிளும் விடியலில், படகு பிற்பகலில். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து பாய் தொங்கும். படகு ஓடாத அந்த நாட்களை நீண்ட நீச்சலுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலை விட்டுவிட்டு ஓட்டத்தைக் கூட்டுங்கள். வாடைக் காலத்தில் வடகரைக்கு அலை நேரே வந்து மோதும். புதியவர்கள் அப்போது அங்கே நீந்த வேண்டாம்.

கிழமைக்கு இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு ஓட்டம், ஒரு படகு நாள் போதும். வேலைக்குப் போகிறவர்களால் இதற்கு மேல் முடியாது, தேவையுமில்லை. ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்: படகு நாளுக்கு மறுநாள் ஓடாதீர்கள். கால்பட்டியில் பாதங்களைக் கொளுவி, படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துப் பிடிக்கும்போது தொடையின் முன்தசை விடாமல் இறுகி நிற்கும். அந்தக் களைப்பு அன்றிரவு தெரியாது, மறுநாள் ஓடும்போது முழங்காலில் தெரியும். மறுநாளை நீச்சலுக்கு வையுங்கள். கயிறு இழுத்து இறுகிய தோள்களுக்கும் மெதுவான நீச்சல் இதமாக இருக்கும்.

படி 2: நீந்தும் இடம்

காரைநகர் கசூரினாக் கடற்கரை புதியவர்களுக்கு நல்ல இடம். மணல் தரை, மெல்ல மெல்லக் கூடும் ஆழம். ஆனால் அந்தக் கரை வடக்கைப் பார்த்தது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரையுள்ள கரைக்கும் இதுவே பொருந்தும். கரையில் நின்று பார்த்தால் நீர் தட்டையாக, அழைப்பதுபோல் இருக்கும். ஒரு வயதான கடற்றொழிலாளி என்னிடம் சொன்னார்: “தம்பி, சோளகத்தில் போவது சுகம். திரும்பி வருவதுதான் பாடு.” பாய்ப்படகு ஓட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் படகில் இருக்கும்போது நினைவிருக்கும் இந்த அறிவு, நீச்சலுடை போட்டதும் மறந்துவிடுகிறது. காற்று கடலை நோக்கி வீசும் நாளில் கரைக்கு இணையாக மட்டும் நீந்துங்கள். மார்பளவு ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

இறங்குமுன் அங்கே தொழில் செய்பவர்களிடம் வலை எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். தடி நட்டுக் கட்டிய வலைகள் கண்ணுக்குத் தெரியும், நீருக்கடியில் கிடப்பவை தெரியாது. ஆழமில்லாத மணலில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் செம்மஞ்சள் மிதவை கட்டாயம். என்ஜின் படகு ஓட்டுபவருக்கு உங்கள் தலை தெரியாது, மிதவை தெரியும். கரையில் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள்.

படி 3: நேராக நீந்துவது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் படி இதுதான். தடாகத்தின் அடியில் கோடு இருக்கிறது, கடலில் இல்லை. நீர் இழுக்கும் திசை தலையைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில் நீந்துபவருக்கு 750 மீற்றருக்கு 18 நிமிடம் ஆகும். குறுக்கே மணிக்கு வெறும் அரைக் கிலோமீற்றர் வேகத்தில் நீரோட்டம் இருந்தால், அந்த 18 நிமிடத்தில் அது அவரை 150 மீற்றர் பக்கவாட்டில் தள்ளிவிடும். அவ்வப்போது தலை தூக்கி, போட்டிப் பாதையைக் குறிக்கக் கடலில் நிறுத்திய மிதவையைப் பார்த்து அதை நோக்கியே திரும்பினாலும் பாதை வில்லாக வளையும். கடைசிப் பகுதியில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டிவரும், அதுவும் களைத்த பிறகு.

படகில் இதற்கு நாம் செய்வதையே இங்கும் செய்ய வேண்டும். மிதவைக்குப் பின்னால், தொலைவில், அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: ஒற்றைப் பனை, கோயில் கோபுரம், தொலைத்தொடர்புக் கோபுரம், வெளிச்சவீடு. காரைநகரில் கோவளம் வெளிச்சவீடும் பருத்தித்துறையில் அங்குள்ள வெளிச்சவீடும் இதற்கு நன்றாக உதவும். மிதவையும் அந்தப் பொருளும் ஒரே கோட்டில் இருக்கும்வரை நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். விலகினால் விதி எளிது: அருகிலுள்ள அடையாளம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் திரும்புங்கள். மிதவை பனைக்கு வலப்புறம் போய்விட்டால் நீங்கள் இடப்புறம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். வலப்புறம் திரும்ப வேண்டும். இரண்டும் மீண்டும் ஒரே கோட்டுக்கு வந்ததும், மிதவையை நேரே பார்க்காமல் நீரோட்டம் வரும் பக்கம் சற்றுச் சாய்ந்தே நீந்துங்கள். மேலே சொன்ன கணக்கில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 12 பாகை. அதனால் கூடும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

கரையை விட்டு வெளியே நீந்தும்போது முன்னால் அடிவானம் மட்டுமே இருக்கும். அப்போது அடையாளங்களைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். இடைக்கிடை மல்லாந்து இரண்டு வீச்சு நீந்தி, கரையிலுள்ள இரண்டு பொருள்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மல்லாந்திருக்கும்போது வலம் இடமாகும் என்பதை மறக்க வேண்டாம்.

பார்க்கும் முறையும் முக்கியம். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்புத் தாழ்ந்துவிடும். முதலைபோல் கண்மட்டும் நீருக்கு மேலே வரட்டும். பார்த்த பின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை எடுங்கள். ஆறு முதல் எட்டு வீச்சுக்கு ஒரு தடவை போதும். அலை உங்களைத் தூக்கும் கணத்தில் பாருங்கள், பள்ளத்தில் இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகுங்கள்: காற்று வலப்புறமிருந்து வந்தால் மூச்சு இடப்புறம். இதைத் தடாகத்திலேயே பழகிவிடலாம்.

இந்தக் கரையில் இதை எழுதும்போது இருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தார். நாம் 750 மீற்றருக்குப் பழகும் நீர் அவர்கள் கடந்த நீர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

படி 4: சைக்கிள்

வீட்டில் இருக்கும் சைக்கிளே போதும். பந்தயச் சைக்கிளுக்குப் பணம் சேர்க்குமுன் நல்ல ரயர் இரண்டும் தலைக்கவசமும் வாங்குங்கள். குடாநாட்டில் ஏற்றம் இல்லை, காற்றுத்தான் நமக்கு ஏற்றம். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் இருபுறமும் நீர், மறைப்பு எதுவும் இல்லை. சோளகத்தில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளுகாற்று. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். எதிர்க்காற்றில் வேகமானியைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள்: ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடிகிறதா? முடிந்தால் அளவு சரி. பஸ் கடக்கும்போது பக்கக்காற்று ஒரு கணம் மறைந்து மீண்டும் அடிக்கும், கைபிடியை இரு கைகளாலும் பிடித்திருங்கள். கடற்கரை வீதியால் பருத்தித்துறைப் பக்கம் போகிறவர்களுக்குச் சோளகத்தில் திரும்பும்போதுதான் எதிர்க்காற்று, அது வலுக்குமுன் விடியலிலேயே திரும்பிவிடுவது நல்லது.

படி 5: இறங்கியவுடன் ஓடுவது

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் உங்களுடையதுபோல் இருக்காது. அதற்கு ஒரே மருந்து பழக்கம்: கிழமைக்கு ஒருமுறை சைக்கிள் ஓடி முடித்த கையோடு பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். முதல் சில நிமிடம் சிறு அடிகளாக வையுங்கள். மற்ற ஓட்டங்களில் வேகம் வேண்டாம். நம் வெயிலில் வேகத்தைவிட உடற்சூடுதான் பெரிய எதிரி. காலை ஆறு மணிக்கு முன் தொடங்குங்கள்.

படி 6: மாறும் இடம்

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் மாறும் நேரமும் போட்டிக் கணக்கில் சேரும். வீட்டு முற்றத்தில் ஒரு துவாயை விரித்து, எடுக்கும் வரிசையில் பொருள்களை அடுக்கிப் பழகுங்கள். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். சைக்கிளைத் தாங்கியில் வைத்த பிறகே கழற்றலாம். மீறினால் தண்டனை உண்டு. நான் பரிந்துரைக்கும் ஒரே ஆடம்பரம், இழுபடும் சப்பாத்து நாடா. ஈரக் கையால் முடிச்சுப் போடும் தொல்லை அதோடு தீரும். நீச்சலுக்கான ரப்பர் உடை நம் கடலில் தேவையில்லை, உடற்சூட்டை ஏற்றிவிடும். விலை கூடிய கைக்கடிகாரமும் இப்போது வேண்டாம்.

உணவாகக் கடையில் விற்கும் ஜெல்லை விட நான் நம்புவது பனங்கட்டியை. சிறு துண்டுகளாக உடைத்துப் பொதி செய்து சைக்கிளில் வையுங்கள். தண்ணீரில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் சேருங்கள். போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் பாணும் இதரை வாழைப்பழமும் எனக்குச் சரியாக இருக்கிறது. போட்டியன்று புதிதாக எதையும் வயிற்றில் சோதிக்க வேண்டாம்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

பெண்கள் சிலர் உடை பற்றிக் கேட்டிருந்தார்கள். தளர்ந்த ரீசேட்டும் பஞ்சாபியும் நீரை அள்ளிக்கொண்டு கையை இழுக்கும், களைப்பை இரு மடங்காக்கும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் மேலாடையும் கணுக்கால்வரை வரும் காற்சட்டையும் போதும். வெயிலுக்கும் சொறிமீனுக்கும் அதுவே பாதுகாப்பு. அதோடே சைக்கிளும் ஓட்டமும் முடிக்கலாம். போட்டியில் முழுநீள உடைக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். படகில் ஏறும்போது இதன்மேல் மிதவை அங்கி அணிய வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

பண்ணைப் பக்கக் களப்பில் படகு கவிழ்ந்து பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். படகின் அடியில் நீட்டி நிற்கும் நடுப்பலகையில் ஏறி மிதிக்காதீர்கள், பாய்மரம் வளையும் அல்லது முறியும். முதலில் பாய்க்கயிற்றைத் தளர்த்துங்கள். பிறகு நீரில் இருந்தபடியே படகின் முன்பக்கத்தைப் பிடித்து, அது காற்றை நோக்கும்வரை மெல்லச் சுற்றுங்கள். அந்தச் சுழற்சியில் நுனி பெரும்பாலும் சேற்றிலிருந்து கழன்றுவிடும். அதன்பின் வழக்கம்போல் நிமிர்த்தலாம். இதை நிதானமாகச் செய்து பழகியவருக்குப் போட்டி நீச்சலில் யாராவது மேலே ஏறி உதைத்தாலும் மூச்சுத் தடுமாறாது.

சைக்கிள் சங்கிலி துருப்பிடிப்பதாகத் தீவுப் பகுதியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கடற்காற்றில் ஓடிய சைக்கிளையும் படகின் கப்பிகளையும் அன்றே நன்னீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரில் கழுவினால் உப்பின்மேல் உப்பு. நல்ல தண்ணீர் அருமையான இடங்களில் ஒரு வாளி போதும்: துணியை நனைத்துத் துடைத்து, உலரவிட்டு, சங்கிலிக்குச் சில துளி எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.