தேதி காட்டும் பழைய சுவிஸ் வாட்ச்: முதல் வாட்சைப் பார்த்து வாங்கும் முறை

முதல் வாட்சுக்கு உடனே கடைக்கு ஓட வேண்டாம், வீட்டு பீரோவைத் துழாவிப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம். கம்மவான்பேட்டை இதற்கே பேர்போன ஊர். பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா, ரோமர் என ஏதாவது ஒரு சுவிஸ் வாட்ச் வேட்டி மடிப்புக்குள் கிடக்கலாம்.

முதலில் வகையைத் தீர்மானியுங்கள். தேதி மட்டும் காட்டுவது, கிழமையும் சேர்த்துக் காட்டுவது, மாதமும் காட்டுவது என வகைகள் உண்டு. ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் 1945இல் வந்தது, கிழமையை முழுச் சொல்லாகக் காட்டிய டே-டேட் 1956இல். புதியவர்கள் தேதி மட்டும் உள்ளதில் தொடங்குவதே நல்லது. மாதமும் காட்டும் பழைய வாட்சுகளில் பெரும்பாலானவை எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்றே ஓடும். வருடத்துக்கு 5 முறை நாம்தான் திருத்த வேண்டும்.

அடுத்து டயல். 6 மணிக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்த டயலாக இருக்கலாம். தேய்ந்த கேஸுக்குள் (வாட்சின் வெளிக்கூடு) பளபளவென்று புது டயல் இருந்தால் நான் வாங்கமாட்டேன். ஒளிரும் பூச்சைச் சுரண்டவே கூடாது. பழையவற்றில் ரேடியம் கலந்திருக்கலாம். பின்மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெஷினில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. சாவி கொடுத்து, முள்ளை முன்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். மணி முள்ளின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, 12ஐ ஒட்டித் தேதி மாற வேண்டும். எண் ஜன்னலின் நடுவில் நிற்க வேண்டும். பட்டென்று மாறாமல் ஓரிரு மணி நேரம் நகர்ந்து மாறினால் கோளாறு என்று நினைக்காதீர்கள், பல பழைய மெஷின்கள் அப்படித்தான். பகல் 12க்குத் தேதி மாறுகிறதா? முள்ளை 12 மணி நேரம் முன்னே தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

தேதியைத் தனியாக மாற்றும் வசதி இருந்தால், இரவு 9 முதல் 3 மணி வரை அதைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். நான் இரவு 11 மணிக்கு மாற்றப் போய்ச் சக்கரத்தின் பல் உடைந்தது. வேலூர் லாங் பஜாரில் அதைச் சரிசெய்த பெரியவர், "முதல்ல முள்ள ஆறுக்குக் கொண்டு போங்க தம்பி, அப்புறம் தேதியத் தொடுங்க" என்றார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

வாங்கியதும் சர்வீஸ். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் உள்ளே தேய்ந்துவிடும். வார் மாற்ற, அதை மாட்டும் கேஸின் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தோலுக்கு ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கம்தானே. நம்மூர் வெயிலில் வியர்வை பின்மூடியை அரித்துவிடும், அதனால் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள்.