ஆட்டுத்தோலில் விற்றமின் டி-யின் மூலப்பொருளை அளப்பது எப்படி

நாம் தேடுவது 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோல். 290 முதல் 315 நனோமீற்றர் வரையான புறஊதாக் கதிர் பட்டால் இதுதான் முன்-விற்றமின் டி3 ஆகி, உடற்சூட்டில் மெல்ல மெல்ல விற்றமின் டி3 ஆகிறது.

இதில்தான் நான் இரண்டு கிழமை தடுக்கி நின்றேன். ஏறாவூரில் விடியக்காலையில் ஆட்டுத்தோல் வாங்கி, மயிரை மழித்து, ஈரம் போகட்டும் என்று விறாந்தையில் விரித்துவிட்டேன். மட்டக்களப்பு வெயில் என்ன செய்யும் என்று யோசிக்கவேயில்லை, அளக்க வேண்டியதே அங்கே குறைந்துகொண்டிருந்தது. அதனால் தோல் கைக்கு வந்ததும் அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் போடுங்கள், ஆய்வுகூடத்திலும் மஞ்சள் வெளிச்சத்திலேயே வேலை செய்யுங்கள்.

கீழே உள்ள கொழுப்பைச் சுரண்டிவிட்டு, பரப்பை அளந்து வெட்டுங்கள். நிறையை நம்பவேண்டாம், தோல் காயக் காய அது மாறும்.

அப்புறம் எர்கொஸ்டெரோலை (7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோலைப் போன்றது, பூஞ்சையில் இருப்பது) தெரிந்த அளவில் சேர்த்துவிடுங்கள், பின்னால் எவ்வளவு இழந்தாலும் கணக்கு அதை வைத்துச் சரியாகும். கடைசியில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. எர்கொஸ்டெரோல் சேர்க்காத ஒரு மாதிரியையும் ஓட்டுங்கள், தோலில் பூஞ்சை இருந்தால் அதிலேயே எர்கொஸ்டெரோல் இருக்கும்.

எதனோலில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டில், காற்றுப் பட்டுக் கெடாமலிருக்கக் கொஞ்சம் பைரோகலோலும் சேர்த்து, சூடாக்குங்கள். கொழுப்பமிலத்தோடு ஒட்டியிருப்பதும் இதில் பிரிந்து வரும். ஹெக்சேனில் பிரித்து, நைதரசன் ஊதி உலர்த்தி, மெதனோலில் கரைத்து, பொருட்களைப் பிரித்து வெவ்வேறு நேரத்தில் வெளியே விடும் சி18 நிரலில் (HPLC) ஓட்டவேண்டியதுதான்.

கண்டறிவதற்கு ஒரே அலைநீளத்தைவிட முழு நிறமாலை தரும் டிடெக்டரைத்தான் சொல்வேன். 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோல் என்றால் 271, 282, 293 நனோமீற்றரில் பல் போல மூன்று உச்சிகள் தெரிய வேண்டும். கொலஸ்ட்ரோல் அங்கே உறிஞ்சாது, விற்றமின் டி3 என்றால் 265-இல் ஒற்றை மேடு வரும். எர்கொஸ்டெரோலுக்கும் இதே மூன்று பல்தான், ஆகவே வெளிவரும் நேரத்தையும் தூய மாதிரியோடு ஒப்பிடுங்கள். திணிவை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், 7-டிஹைட்ரோவுக்கும் விற்றமின் டி3-க்கும் ஒரே மூலக்கூற்று நிறை, 384.6.

பின்சேர்க்கை: பூனைத்தோலில் அநேகமாக ஒன்றுமே வரவில்லை, எங்கே பிழை என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. பிழை இல்லை அம்மா. பூனை, நாய்த் தோலில் 7-டிஹைட்ரோவைக் கொலஸ்ட்ரோலாக்கும் நொதியம் மும்முரமாக வேலை செய்வதால் மிகக் குறைவாகவே மிஞ்சும், அதனால் அவற்றுக்கு விற்றமின் டி உணவில் வரவேண்டும். சந்தேகமென்றால் அதே பூனைத்தோலில் தெரிந்த அளவு 7-டிஹைட்ரோவைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சேர்த்தது திரும்பக் கிடைத்தால் உங்கள் முறை சரி.