படகு ஸ்டீரியோவில் எஞ்சின் இரைச்சலை நிறுத்த

மட்டக்களப்பு வாவியில் ஓடும் பைபர் படகில் ஸ்டீரியோ பூட்டும்போது, அதன் நேர், மறை வயர்கள் இரண்டையும் எஞ்சின் வயர்களோடு இணைக்காமல் நேரே பற்றரி முனைகளுக்குக் கொண்டுசென்றால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் அந்த ‘வீ’ என்ற இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும். இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி வாங்கும் செலவும் மிச்சமாகும். ஒரே மறை வயரை ஸ்டீரியோவும் எஞ்சினும் பகிரும்போது, எஞ்சினின் மின்னோட்டம் மாறுவதால் அந்த வயரில் உண்டாகும் சிறு மின்னழுத்த வேறுபாடே இரைச்சலாகக் கேட்கிறது. நேர் வயரில் பற்றரியிலிருந்து 18 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உப்புக்காற்றில் சாதாரணச் செப்புக் கம்பி பச்சை பிடித்துவிடும் என்பதால் வெள்ளீயம் பூசிய வயரே நல்லது. தொலைபேசியிலிருந்து பாட்டுப் போடும்போது இல்லாத இரைச்சல் வானொலியில் மட்டும் கேட்டால், அது அன்ரனா வழியாக வருவது. அதற்கு இந்த முறை உதவாது.