இன்ஜின் ஓடுகிறது, எக்ஸாஸ்டில் தண்ணீர் சரியாக வரவில்லை

பழுது பார்க்கக் கரையேற்றியிருந்த பாய்மரப் படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினோம். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது. இன்ஜினைக் குளிர்விக்க பம்ப் உறிஞ்சும் கடல்நீர், எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வழியாகச் சீராக வெளியேற வேண்டும். ஆனால் அது விட்டுவிட்டுத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் சூடு ஏறி அலாரம் அடித்துவிடும்.

கடல்நீர் உள்ளே வரும் அடிப்பகுதி வால்வு திறந்தே இருந்தது. ஹோஸைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சியடித்தது, ஆக அடைப்பு இல்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றியும் பலனில்லை. இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்ததில் பல நாள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் பம்புக்கு முன்னால் இருக்கும் கடல்நீர் வடிகட்டியின் தெளிந்த பிளாஸ்டிக் மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது மட்டும் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள். அந்த மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதனால் அங்கே இடைவெளி இருந்தாலும் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. பம்ப் உறிஞ்சும்போது காற்றுதான் உள்ளே போகும். ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது. கழற்றிப் பார்த்தால், மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) படகு கரையில் இருந்தபோது காய்ந்து தட்டையாகிக் கிடந்தது.

புது ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவிப் போட்டு, வடிகட்டியில் தண்ணீர் நிரப்பி மூடினேன். எக்ஸாஸ்டில் நீர் சீராகக் கொட்டியது. அப்பாடா! பழைய இம்பெல்லர் நன்றாகத்தான் இருந்தது, ஸ்பேராக எடுத்து வைத்துவிட்டேன்.