வெளிநாட்டில் முதல் ஸ்கைடைவிங்: வடசென்னையிலிருந்து கிளம்புமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

துபாய்க்கோ, பட்டாயாவுக்கோ, நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனுக்கோ சுற்றுலா போகும்போது ஒருமுறை விமானத்திலிருந்து குதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வானத்தில் அவர்களுடைய வேலை மிகக் குறைவு. முதன்முறை வருகிறவர்களுக்குத் தரப்படும் டேண்டம் குதிப்பில் பயிற்றுநர் நம் முதுகோடு சேர்த்து, உடம்பில் மாட்டும் பட்டைகளாலான ஹார்னஸால் பிணைக்கப்பட்டிருப்பார். பாராசூட்டை விரிப்பது, திருப்புவது, தரையிறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நம் பொறுப்பு பெரும்பாலும் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ பெட்டி கட்டும் நாட்களிலேயே தொடங்கி, தரையிலேயே முடிந்துவிடுகிறது.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு நோய், முதுகுத்தண்டு அல்லது தோள்மூட்டுப் பிரச்சினை, அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் குடும்ப மருத்துவரிடமோ, பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனையிலோ கேட்டுத் தெளிந்த பிறகே முன்பதிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் குதிக்கவே கூடாது. கட்டிய பணம் போய்விடுமே என்று படிவத்தில் நோயை மறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இந்த ஒரு விஷயத்தில் அடியோடு விட்டுவிடுமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எடையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் 100 கிலோ அளவில் வரம்போ கூடுதல் கட்டணமோ இருக்கும். அங்கே உங்களை மீண்டும் தராசில் நிறுத்தித்தான் அனுப்புவார்கள். வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவில் பொதுவாக 18 நிறைந்திருக்க வேண்டும்.

அடுத்தது காப்பீடு. விமான டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு, சாகச விளையாட்டுகளைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கும். ஸ்கைடைவிங் அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அடங்காது என்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணத் திட்டத்தில் குதிப்பைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று பலமாக வீசினாலோ மேகம் தாழ்ந்திருந்தாலோ விமானம் கிளம்பாது. காலையில் போய் உட்கார்ந்து மாலைவரை காத்திருந்து திரும்ப நேரலாம். காற்று மாறியதும் காசிமேட்டு விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு விளங்காததல்ல. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் பதிவு செய்தால் தள்ளிப்போட இடம் இருக்கும். வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தான் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அதே பயணத்தில் ஸ்கூபா டைவிங்கும் செய்வதானால், குதிப்பை முதலில் முடித்துவிடுங்கள். ஆழத்தில் மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரே காற்றழுத்தம் குறையும்போது குமிழிகளாகப் பிரிந்து பெருந்தீங்கு செய்யும். ஆகவே கடலடியிலிருந்து வந்தபின் ஒரு முழு நாளாவது இடைவெளி விடுவது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், பயிற்றுநருக்கு டேண்டம் குதிப்புக்கான தனி உரிமம் உண்டா, முதல் பாராசூட் சரியாக விரியாவிட்டால் கைகொடுக்கும் ரிசர்வ் பாராசூட்டைச் சான்று பெற்ற ஒருவர் எப்போது மடித்துக் கட்டினார், தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கருவி, தாழ்ந்த உயரத்திலும் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானாகவே விரித்துவிடும். இப்படிக் கேட்பதை நல்ல நிறுவனம் ஒருபோதும் தவறாக எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள், கேள்விகளை முன்னதாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம்.

உடைக்குப் பெரிய செலவு வேண்டாம், எம்.சி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் டிராக் பேண்ட்டும் முழுக்கை டி-ஷர்ட்டும் போதும். ஆனால் உயரம் ஆயிரம் அடி கூடினால் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். 13,000 அடி என்பது தொட்டபெட்டா சிகரத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். கீழே வியர்த்தாலும் மேலே குளிரும். ஷூவை நாடா கட்டி இறுக்க வேண்டும். மோதிரம், தொங்கட்டான், வளையல் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள், ஊரிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, கழுத்துவரை மூடிய சட்டைக்குள் அடக்கி, ஹார்னஸ் மாட்டும்போது பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும். முந்தைய நாள் முதலே மது கூடாது. வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது சாப்பிட்டால் தலைசுற்றல் குறையும். சளி பிடித்திருந்தால் குதிப்பைத் தள்ளிப்போடுங்கள். மூக்கடைத்த நிலையில் வேகமாக இறங்கும்போது காதுவலி தாங்க முடியாததாக இருக்கும்.

விமானக் கதவு திறந்தபின் செய்ய வேண்டியவற்றை ஓட்டல் அறையிலேயே பழகலாம். விளிம்பில் உட்கார்ந்ததும் கால்களை விமானத்தின் அடிவயிற்றுப் பக்கமாக மடக்க வேண்டும். இடுப்பை முன்னே தள்ளி, தலையைப் பின்னே சாய்த்துப் பயிற்றுநரின் தோளில் வைக்க வேண்டும். கைகளால் மார்புப் பட்டைகளைப் பிடித்திருக்க வேண்டும். குனிந்து கீழே பார்த்தால் உடம்பு சுருண்டு, வெளியேறும் கணத்திலேயே நிலை குலையும். பயிற்றுநர் உங்கள் தோளைத் தட்டியதும் கைகளை விரியுங்கள். பின்னால் ஒரு சிறு பாராசூட் இழுபட்டு வரும். இருவர் எடையில் வேகம் மிகாமல், மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் நிறுத்துவது அதுதான். 13,000 அடியிலிருந்து குதித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இப்படி விழுந்து, சுமார் 5,000 அடியில் பெரிய பாராசூட் விரியும். மூச்சு முட்டுவதுபோல் தோன்றினால் வாய்விட்டுக் கத்துங்கள். கத்தும்போது மூச்சு தானாக வெளியேறி உள்ளே வரும். பிறகு வரும் ஐந்தாறு நிமிட மிதப்பில் எச்சில் விழுங்கியோ, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ காதைத் திறந்துகொள்ளுங்கள். தரை நெருங்கும்போது இரு கால்களையும் முன்னே நீட்டி உயர்த்துவதுதான் மிக முக்கியம். காலைத் தொங்கவிடுகிறவர்களுக்குத்தான் கணுக்கால் அடிபடும். பெரும்பாலும் உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கி இறங்குவீர்கள்.

கதவருகில் வந்தபின் மனம் ஒப்பவில்லை என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி அதே விமானத்தில் இறங்கிவிடலாம். கூட வந்த நண்பர்கள் கேலி செய்வார்களே என்பதற்காக யாரும் குதிக்கக் கூடாது. சந்தேகத்தோடு இருப்பவர்களுக்கு, வழியில் சிங்கப்பூர் அமைந்தால், சென்டோசாவில் உள்ள, கீழிருந்து பலமாக வீசும் காற்று ஆளைத் தாங்கி நிறுத்தும் ஐஃப்ளை காற்றுச் சுரங்கத்தில் மிதந்து பார்ப்பது நல்ல முன்பயிற்சி.

இறங்கிய பிறகு முதுகிலோ கணுக்காலிலோ வலி இருந்தால், அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், அந்த இடத்திலேயே சொல்லி விபத்துப் பதிவில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். அங்குள்ள மருத்துவமனை ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். இந்தக் காகிதங்கள் இல்லாமல் ஊர் திரும்பிவிட்டால், காப்பீட்டுத் தொகை கேட்பது மிகவும் கடினமாகிவிடும்.