லைடார் படத்தில் ரோமானியச் சாலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை தன் லைடார் (விமானத்திலிருந்து லேசரால் தரையை அளக்கும் முறை) தரவுகளை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, கணினியும் பொறுமையும் உள்ள எவரும் அங்கே ரோமானியச் சாலைகளைத் தேடலாம். அருமையான வாய்ப்பு இது. ஆனால் பலர் மென்பொருள் காட்டும் முதல் படத்தையே நம்பிவிடுகிறார்கள்.

விமானத்திலிருந்து பாயும் லேசர் தரையின் உயரத்தை மட்டுமே அளக்கிறது. படத்தில் தெரியும் நிழல் மென்பொருள் போடுவது. பெரும்பாலும் அந்தச் செயற்கை வெயில் வடமேற்கிலிருந்து, 45 பாகை உயரத்தில் விழும்படி அமைந்திருக்கும். எக்ஸிட்டரிலிருந்து வடகிழக்கே லிங்கனுக்குச் செல்லும் ஃபாஸ் வே என்ற ரோமானியச் சாலை அதற்குக் குறுக்கே கிடப்பதால், அதில் எஞ்சியிருக்கும் சாலை மேடு எடுப்பாகத் தெரியும். லண்டனிலிருந்து வடமேற்கே போகும் வாட்லிங் ஸ்ட்ரீட்டின் திசையில் ஓடும் சாலைக்கோ இரு சரிவிலும் ஒரே அளவு ஒளி படும். மேடு தரையோடு கரைந்துவிடும். ஆகவே வெயிலைப் பல திசைகளிலிருந்து திருப்பிப் பாருங்கள். கோணத்தையும் தாழ்த்துங்கள்: நூற்றாண்டுக் கணக்கில் உழவு தேய்த்த மேடு ஒரு சாண்கூட இருக்காது.

நேர்கோட்டைக் கண்டதும் ரோமானியச் சாலை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களை வேலியிட்டுப் பிரித்தபோது போட்ட பாதைகளும், கைவிடப்பட்ட ரயில் தடங்களும், புதைத்த குழாய்களும் நேராகத்தான் ஓடும். உயர்த்திய மேடு, இருபுறமும் வாய்க்கால், அருகில் கல்லும் மண்ணும் தோண்டிய சிறு குழிகள் ஆகியவை சேர்ந்து வந்தால் ரோமானியச் சாலைதான் என்ற ஊகம் வலுப்படும். அப்போதும் லைடார் தருவது வடிவத்தை மட்டுமே. காலத்தை அகழாய்வில்தான் உறுதிசெய்ய முடியும்.

கோடு இல்லையென்றால் சாலையே இல்லை என்பதும் பிழை. மேடு முழுவதும் உழுதழிந்த வயலில், வறண்ட கோடையில் எடுத்த வான்படம் கைகொடுக்கும்: புதைந்த கற்களின் மேல் பயிர் முன்னதாகவே வாடிவிடும்.

இன்னொன்று, பிரிட்டிஷ் வரைபடத்தின் ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) ஜிபிஎஸ் ஆயங்களாக முறைப்படி மாற்றாமல் பொருத்துவது. நூறு மீட்டர் அளவுக்குக் கோடு விலகி, பக்கத்து வயலில் போய் விழும்.

எனக்கு மிகவும் உறுத்துவது, ஊகத்தையும் உறுதியையும் ஒரே கோடாக வரைவது. 2025-இல் வெளியான இட்டினர்-ஈ என்ற தரவுத்தொகுப்பு ரோமானியப் பேரரசின் சாலைகளை ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டருக்கு வரைந்திருக்கிறது. அதில் இடம் உறுதியாகத் தெரிந்தது 3 சதவீதத்துக்கும் குறைவு. அதை வெளிப்படையாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வரைபடத்திலும் ஊகப் பகுதிகளைப் புள்ளிக்கோடாக வரையுங்கள்.